குழி விழாத உள்ளங்கால்

கோகுலாஷ்டமிக்கு எங்கள் வீட்டில் கண்ணன் பாதம் போடுவது அம்மா. அரிசிமாவுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே குந்தியபடி நகர்வேன். அம்மா கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றுவாள். ஒரு பக்கம் குழிந்த அச்சு விழும். மேலே விரல்நுனியால் ஐந்து புள்ளி. வாசலிலிருந்து பூஜை மாடம் வரைக்கும் பிள்ளை நடந்து வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பிஸியோதெரபிஸ்டாக ஊரார் கால்களைப் பிடித்துப் பிழைத்த பிறகு, அந்த அச்சைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நடை பழகுகிற வயசில் பிள்ளைக்கு உள்ளங்காலில் குழியே இருக்காது. அடியில் கொழுப்பு, மூட்டெல்லாம் இளக்கம். கால் முழுசாகத்தான் பதியும். அம்மா போட்டது வளர்ந்த ஆளின் கால். நிஜமாகவே கண்ணன் வந்திருந்தால் அச்சு என் கால் மாதிரிதான் இருந்திருக்கும்.

எனக்குத் தட்டைக் கால். அது தெரியவந்த நாள்கூட நினைவிருக்கிறது. 1983, பத்தொன்பது வயது. வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது பல குடும்பங்களில் பரம்பரைத் தொழில் மாதிரி. ஆம்பூரிலிருந்து நாங்கள் ஏழு பேர் ஆளெடுப்புக்குப் போனோம். மைல் ஓட்டத்தில் எங்கள் கும்பலில் நான் நான்காவது. பள்ளம் தாண்டினேன், கம்பியில் தொங்கினேன். கடைசியில் டாக்டர் வரிசை. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் இருந்தது. அதில் காலை நனைத்து, வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவனின் அச்சு நடுவில் இடுப்பு ஒடுங்கி அழகாக விழுந்தது. என்னுடையது செங்கல். "ஃப்ளாட் ஃபுட். நெக்ஸ்ட்." அந்த ஈரம் காய்வதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மைல் ஓட்டத்தில் நான்காவதாக வந்த காலுக்கு நின்ற இடத்தில் என்ன குறை வந்துவிட்டது என்ற கேள்வி மட்டும் பஸ்ஸில் கூடவே வந்தது.

அப்பா ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் இருந்தார். லாஸ்ட் என்றால் காலின் உருவத்தில் செய்த கட்டை. அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்து ஒட்டினால்தான் ஷூவுக்கு உருவம் வரும். அன்று ராத்திரி என் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நம்ம லாஸ்ட் எல்லாத்துலயும் இங்க ஒரு குழி இருக்கும்டா. உனக்கு இல்ல." அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஷூ வாங்கி வந்தார். உள்ளே பாதிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்த மாதிரி ஒரு ரப்பர் மேடு. அதைப் போட்டு நடந்த நாலு மாசமும் நரகம். தட்டைக் கால் எனக்கு அதுவரை வலித்ததே இல்லை. வைத்தியம் வலித்தது.

பிறகு சென்னையில் பிஸியோதெரபி படித்தபோதுதான், இந்தக் குழியை வைத்து உலகம் நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருப்பது தெரிந்தது.

கதை ஷூவில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதி வரைக்கும்கூட இடதுகால், வலதுகால் வித்தியாசமில்லாத நேர்க்கட்டைகளில் ஷூ தைப்பது சாதாரணம். 1858-இல் ஸூரிக் நகரத்து உடற்கூற்றியல் பேராசிரியர் ஹெர்மன் ஃபான் மேயர், பெருவிரலும் குதிகாலும் ஒரே கோட்டில் வர வேண்டும், ஷூ காலைப் பார்த்துச் செய்யப்பட வேண்டும் என்று எழுதினார். இப்போது கேட்டால் இதைச் சொல்ல ஒரு பேராசிரியர் வேண்டுமா என்று தோன்றும். வேண்டியிருந்தது. அதே நூற்றாண்டில்தான் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கூட்டம் பெருகியது. கால்வலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்த இளைஞர்களின் பாதத்தைப் பார்த்த மருத்துவர்களுக்கு, கண்ணுக்குத் தெரிந்த ஒரே விஷயம் குழி இல்லை என்பது. அதுவே நோயின் பெயராகிவிட்டது.

லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் என்று ஒருவர் இருந்தார், 1834-இல் பிறந்தவர். எலும்பு முறிவு கட்டுகிற வைத்தியர் குடும்பம். நம்மூர்ப் புத்தூர்க் கட்டு மாதிரி தலைமுறை தலைமுறையாகக் கையால் தடவி, இழுத்து, கட்டிய கைகள். அப்பா பட்டம் இல்லாத வைத்தியர் என்பதால் மருத்துவர்களோடு ஓயாத வழக்கு; மகனை முறையாக மருத்துவம் படிக்க வைத்துவிட்டார். செருப்பின் குதியில் உள்பக்கத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தி முன்னுக்கு நீட்டினால் சரிகிற கால் நிமிரும் என்ற யோசனை அவருடையது. 'தாமஸ் ஹீல்' என்று இன்றைக்கும் சீட்டில் எழுதுகிறோம். என் அனுபவத்தில், எங்கள் பேட்டைச் செருப்புத் தைப்பவரிடம் 'உள்பக்கம் ஒரு நூல் தூக்கி' என்று சொன்னாலே போதும். தாமஸ் பேர் தெரியாமலே சரியாக வெட்டிக் கொடுப்பார்.

நியூயார்க்கில் ராயல் விட்மன். 1888-இல் நாற்பத்தைந்து தட்டைக் கால் நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறகு அவர் பெயரால் வந்த இரும்புத் தகடு உலகமெல்லாம் போனது. அதன் சூட்சுமம் கொஞ்சம் குரூரம்: கால் உள்பக்கம் சரிந்தால் தகட்டின் மடிப்பு அழுத்தும். அழுத்தத்துக்கு அஞ்சி ஆள் தானே காலை நிமிர்த்திக்கொள்வான். ஒருவகையில் அதுவும் உடற்பயிற்சிதான், வாத்தியார் பிரம்போடு நிற்கிற உடற்பயிற்சி. தகட்டோடு நுனிக்காலில் எழும்பும் பயிற்சி, சரியாக நடக்கும் பழக்கம் என்பதையும் விட்மன் வலியுறுத்தினார். ஆனால் விறைத்துப்போன பாதம் வந்தால் அவர் முறை வேறு. மயக்கம் கொடுத்துக் காலைப் பலவந்தமாக எதிர்ப்பக்கம் திருகி, மாவுக்கட்டுப் போட்டு, அதை அவிழ்த்த பிறகு மசாஜ், பயிற்சி, தகடு. சிலருக்குப் பலித்தது. சிலருக்கு எத்தனை முறை திருகினாலும் கால் பழையபடி விறைத்துக்கொண்டது. ஏன் என்பது ரொம்ப நாள் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கை வைத்தியத்துக்கு இன்னொரு வேர் ஸ்வீடனில். 1813-இல் பேர் ஹென்ரிக் லிங் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென்று ஒரு ராஜாங்கக் கழகமே தொடங்கினார். நோயாளி அசைக்க, வைத்தியர் கையால் தடுக்க, இருவருமாகச் செய்கிற 'மருத்துவ ஜிம்னாஸ்டிக்' அங்கிருந்து பரவியது. லண்டனில் மசாஜ் என்ற பேரைச் சொல்லிக்கொண்டு வேறு வியாபாரம் நடந்து, பேப்பரில் நாறிப்போன சமயம், 1894-இல் நான்கு நர்சுகள் சேர்ந்து தொழிலின் மானத்தைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்தார்கள். இங்கிலாந்தின் பிஸியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். நானும் தொழில் ஆரம்பித்த புதிதில் எங்கள் தெருக்காரர்கள் 'மசாஜ் பண்றவரு' என்றுதான் சொல்வார்கள். அந்த நாலு பெண்களை நினைத்துக்கொள்வேன்.

உலகப் போர்கள் வந்ததும் தட்டைக் கால் குடும்பப் பிரச்சினையிலிருந்து தேசப் பிரச்சினை ஆகிவிட்டது. லட்சக்கணக்கில் ஆள் எடுக்கிறபோது காலைப் பார்க்காமல் எடுக்க முடியாது. கழித்துக்கொண்டே போனால் ஆள் கிடைக்காது. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில் கனடா ராணுவம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஹாரிஸ், பீத் என்ற இருவரை விட்டு 3,619 படைவீரர்களின் பாதங்களைப் பரிசோதிக்கச் சொன்னது. அவர்கள் தண்ணீர்த் தாம்பாளத்தோடு நிற்கவில்லை. ஒரு ரப்பர் பாய் செய்தார்கள். அதில் உயரம் வித்தியாசமான கோடுகள். மை தடவிக் காகிதம் போட்டு மேலே நடக்கச் சொன்னால், பாரம் எங்கே அதிகமோ அங்கே அச்சு கருக்கும். எங்கள் கல்லூரியிலும் ஒரு பாய் இருந்தது. ரப்பர் வெடித்து, மை காய்ந்து, பூசணம் பிடித்த அலமாரி வாசனையோடு.

1947-இல் வந்த அவர்களுடைய அறிக்கைதான், என்னைப் பொறுத்தவரை, இந்தக் கதையின் நடு முடிச்சு. தட்டைக் கால் ஒன்றல்ல, மூன்று என்று பிரித்தார்கள். முதலாவது, நின்றால் தட்டையாகி, உட்கார்ந்தால் குழி விழுகிற இளக்கமான பாதம். இதில் வலியும் இல்லை, வேலைக்குத் தடையும் இல்லை. இரண்டாவது, அதே இளக்கம், ஆனால் பின்னால் குதிநரம்பு குட்டை. மேலிருந்து கெண்டைச்சதை குதிகாலை இழுத்துப் பிடித்திருப்பதால் கணுக்கால் மடங்க இடமில்லை. மடங்க வேண்டியதை நடுப்பாதம் மடங்கிச் சமாளிக்கும். வலி இங்கேதான். மூன்றாவது விறைத்த பாதம். இவர்களில் பலருக்கு, பிறக்கும்போதே பிரிந்திருக்க வேண்டிய இரண்டு எலும்புகளுக்கு நடுவே பாலம் மாதிரி எலும்பு ஓடியிருக்கிறது என்று 1948-இல் காட்டினார்கள். விட்மன் காலத்தில் மயக்கம் கொடுத்துத் திருகியும் நிமிராத கால்களில் எத்தனைக்கு உள்ளே அந்தப் பாலம் இருந்ததோ! எலும்பே ஒட்டியிருக்கிற இடத்தில் யார் கை என்ன செய்யும்?

நம் நாட்டுக்குப் பிஸியோதெரபி வந்தது தட்டைக் காலுக்காக இல்லை, இளம்பிள்ளை வாதத்துக்காக. 1952-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் கைகொடுப்போடு முதல் பள்ளி வந்தது. எங்கள் வேலூர்ப் பக்கத்துக்குக் காலைப் பற்றிய பாடம் தொழுநோய் வழியாக வந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் உணர்ச்சி போன கைகால்களோடு மாரடித்தவர். தொழுநோயாளியின் பாதம் அழுகுவதில்லை, வலி தெரியாமல் நடந்து நடந்தே தேய்ந்து புண்ணாகிறது என்று காட்டிய கூட்டத்தில் முக்கியமானவர். அந்தக் கால்களுக்காக வந்த மெத்தென்ற ரப்பர்தான் எம்.சி.ஆர். இன்று எங்கள் தெருவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாரும் எம்.சி.ஆர். செருப்புத்தான். உணர்ச்சி இல்லாத காலுக்கு மெத்தை வேண்டும். உணர்ச்சி உள்ள காலுக்கும் அதையே போட்டு அடைப்பது சரிதானா என்பது பிறகு பெரிய கேள்வியானது.

நான் படித்தபோது தட்டைக் காலுக்குப் பாடப் புத்தக வைத்தியம் 'ஃபாரடிக் ஃபுட் பாத்'. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கால் முங்குகிற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். குதிகாலுக்கு அடியில் ஒரு தகடு, விரல்களுக்குப் பின்னால் ஒரு தகடு. குமிழைத் திருகினால் முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இன்னும் திருகினால் பாதம் தானாகச் சுருங்கும், விரல் மடங்கும், நம்மைக் கேட்காமலே உள்ளங்காலில் குழி விழும். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் காலில் குழியைப் பார்த்தது அந்தத் தொட்டியில்தான். பக்கத்திலிருந்த சக மாணவி, "இப்ப ஓடிப் போய் டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். கரண்டை நிறுத்தியதும் செங்கல் திரும்பி வந்துவிட்டது. அந்த மெஷினின் மேல் மதிப்புப் போனதும் அப்போதே. பொம்மலாட்டத்தில் கயிறு இழுக்கிறவன் நாமாக இல்லாவிட்டால் பொம்மைக்கு என்ன பயிற்சி?

துண்டை விரலால் சுருட்டுவது, கோலிக்குண்டைக் கால்விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது, மணலில் வெறுங்காலோடு நடப்பது, நுனிக்காலில் எழும்புவது என்று பயிற்சி அட்டை ஒன்று இருந்தது. அதை அப்படியே மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தோம். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்கனவே கீழே குழி பறித்துவிட்டிருந்தார்கள். 1954-இல் ஹிக்ஸ் என்பவர், பெருவிரலை மேலே மடக்கினால் உள்ளங்கால் பட்டை விரல்மூட்டைச் சுற்றி இழுபட்டு, கிணற்று ராட்டினத்தில் கயிறு இழுக்கிற மாதிரி, பாதத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்று காட்டினார். தசையே வேண்டாம், பட்டை போதும். 1963-இல் கனடாவின் பாஸ்மாஜியன் தசைகளுக்குள் மெல்லிய கம்பியைச் செருகி மின்சாரம் பார்த்தார். சும்மா நிற்கும்போது உள்ளங்கால் தசைகள் வேலையே செய்யவில்லை. பெரிய பாரம் ஏற்றினால்தான் விழிக்கின்றன. அப்படியென்றால் குழியைத் தாங்குவது எலும்பும் தசைநாரும். பிறகு எதற்குத் தசைக்குப் பயிற்சி?

இந்தக் கேள்விக்கு விடை நிற்பதில் இல்லை, நடப்பதில் இருந்தது. 1965-இல் இங்கிலாந்தின் ஃப்ரீமன், கணுக்கால் சுளுக்கினவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சுளுக்குவது வலுக்குறைவால் மட்டுமில்லை, காலிலிருந்து மூளைக்குப் போகும் சேதி தடைப்படுவதால் என்றார். ஆடுகிற பலகையில் நிற்க வைத்துப் பழக்கினார். அதை எடுத்து வளர்த்தவர் ப்ராக் நகரத்து விளாதிமிர் யாண்டா. பதினைந்து வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து பிழைத்தவர். தசைக்கும் மூளைக்கும் உள்ள உறவை அனுபவித்தே தெரிந்துகொண்டவர் என்று சொல்லலாம். அவர் சொல்லிக் கொடுத்தது 'குட்டைப் பாதம்'. ஷார்ட் ஃபுட் என்று பையன்கள் இப்போது யூட்யூபில் பார்த்துவிட்டே வருகிறார்கள், பார்த்ததைத் தப்பாகச் செய்துகொண்டு.

அதைக் கிட்டத்தில் இருந்து சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் முழுசாக வை. குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, மூன்றும் தரையில் ஒட்டியிருக்கட்டும். இப்போது விரலை மடக்காமல், பெருவிரலின் அடிமுண்டைக் குதிகால் பக்கம் இழு. கால் அரை அங்குலம் குட்டையாக வேண்டும். அவ்வளவுதான். நூறில் தொண்ணூறு பேர் விரலை நண்டு மாதிரி இறுக்குவார்கள். விரல்நகம் வெளுத்தால் தப்பு என்று அர்த்தம். கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் நீண்ட நரம்புகள் திருட்டு வேலை செய்கின்றன. துண்டு சுருட்டுவதிலும் இந்தக் கோளாறு உண்டு, அதனால்தான் அதை நான் கைவிட்டேன். பையனின் விரல்களுக்கு அடியில் ஒரு போஸ்ட்கார்டை வைத்து உருவுவேன். உருவ வந்தால் சரி. முதல் வாரம் ஒன்றும் அசையாது. "சார், மூளையில இருந்து ஒயரே இல்ல போல" என்பார்கள். இரண்டாவது வாரம் உள்ளங்கால் சதை பிடித்துக்கொண்டு அலறுவார்கள். எனக்கு அது நல்ல சகுனம். பிறகு நின்று, பிறகு ஒற்றைக்காலில், பிறகு கண்ணை மூடி.

பலன் எவ்வளவு? அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. பாதத்தின் உள்பக்கம் துருத்துகிற படகு வடிவ எலும்பில் பேனாவால் புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு விசிட்டிங் கார்டை நிறுத்தி, உட்காரும்போது ஒரு கோடு, நிற்கும்போது ஒரு கோடு. இரண்டுக்கும் இடைவெளிதான் சரிவு. பிராடி என்ற டாக்டர் 1982-இல் ஓட்டக்காரர்களுக்காகச் சொன்ன முறை. முல்லிகன், குக் இருவரும் 2013-இல் இருபத்தொரு பேரை நாலு வாரம் குட்டைப் பாதம் பழக்கிப் பார்த்ததில், சரிவு சராசரியாக 1.8 மில்லிமீட்டர் குறைந்தது. ஒரு நாணயத்தின் கனம். நம்பி வருகிற பையனிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஈர அச்சு மாறாது தம்பி. கால் மாறும். இரண்டும் வேறு.

கை வைத்தியம் எங்கே வருகிறது என்றால், ஹாரிஸும் பீத்தும் சொன்ன இரண்டாவது ரகத்தில். 2018-இல் குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருவன், வயது இருபது, ஆளெடுப்பில் கழிக்கப்பட்டு அம்மாவோடு வந்தான். ஓடினால் உள்ளங்கால் வலி வேறு. "எத்தினி ஆனாலும் பரவால்ல சார், குழி வர வெச்சிடுங்க" என்றார் அம்மா. நான் அவனைக் குந்தச் சொன்னேன். குதிகாலைத் தூக்காமல் குந்து என்றதும் மல்லாக்க விழுந்தான். சுவரில் முட்டியைத் தொடச் சொல்லி, குதிகால் தூக்காமல் பெருவிரல் எவ்வளவு பின்னால் போகிறது என்று பார்த்தால், வலதில் மூன்று விரல் கடை, இடதில் இரண்டே. சாமி, உனக்குக் குழியில் இல்லை வியாதி, கெண்டையில் இருக்கிறது.

படுக்க வைத்து, குதிகாலை என் தொடைமேல் ஏந்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவிலுள்ள கவட்டையைக் கணுக்காலின் முன்பக்கம் பொருத்தி, தாலஸ் எலும்பைப் பின்னுக்கு மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். தொட்டில் ஆட்டுகிற வேகம். எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் தடுக்கிறது, அதற்கு முன்னாலா பின்னாலா ஆட்டுவது என்பதையெல்லாம் படிப்படியாகத் தரம் பிரித்தவர் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட். அவருடைய முதுகெலும்புப் புத்தகம் 1964, கைகால் மூட்டுகளுக்கானது 1970. புத்தகத்தில் படிநிலைக்கு எண் உண்டு. கைக்கு அது எண்ணாகத் தெரியாது; ஈரச் சாக்கை அழுத்துகிற மாதிரி ஒரு மெத்தைத் தடை தெரியும், அவ்வளவுதான். பிறகு கெண்டையின் இரண்டு பிளவுக்கு நடுவே கட்டைவிரலால் மேலிருந்து கீழாக உருவுவேன். இதை எங்கள் பாட்டி நல்லெண்ணெய் வைத்துச் செய்வாள், தாலஸ் பேர் தெரியாமல். பத்து நிமிஷம் கழித்துச் சுவர்ப் பரிசோதனையில் அவனுக்கு ஒரு விரல் கடை கூடியது. ஆனால் கை கொடுத்த இடம் ராத்திரிக்குள் திருடு போகும். அதனால் எழுந்த உடனே படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை இறக்கி ஏற்ற வேண்டும், குட்டைப் பாதம் பிடித்துக்கொண்டே. வெறும் தடவலை மட்டும் விற்கிற தொழில்காரர்கள்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. காசு அவர்களுக்கு, கெண்டை பழையபடி.

இதற்கிடையில் ஷூவும் மேடும் என்ன ஆயின? அமெரிக்காவில் டென்னிஸ் வெங்கரும் அவர் கூட்டாளிகளும் 129 குழந்தைகளைச் சேர்த்து, சிலருக்குச் சீர்செய் ஷூ, சிலருக்கு உள்மேடு, சிலருக்கு ஒன்றுமில்லாமல் மூன்று வருஷம் பார்த்து 1989-இல் எழுதினார்கள். எல்லாக் குழந்தைகளின் கால்களும் ஒரே மாதிரி முன்னேறியிருந்தன, ஒன்றும் போடாதவர்கள் உட்பட. என் அப்பா வாங்கிய ரப்பர் மேட்டை நினைத்துக்கொண்டேன். 1992-இல் மணிப்பாலின் பெஞ்சமின் ஜோசப்பும் உதய பாஸ்கர ராவும் 2,300 குழந்தைகளின் பாத அச்சை எடுத்துப் பார்த்ததில், ஷூ போடுகிறவர்களில் 8.6 சதவீதம் தட்டைக் கால், வெறுங்காலில் திரிகிறவர்களில் 2.8 சதவீதம். மூடிய ஷூவில்தான் மோசம், செருப்புப் பரவாயில்லை. நாடெங்கும் ஷூ அனுப்புகிற ஆம்பூரில் உட்கார்ந்து இதைப் படித்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நீ சின்ன வயசுல எங்க ஷூ போட்ட? செருப்பே நாலாங்கிளாஸ்லதான்" என்றார். நியாயமான கேள்வி. ஆராய்ச்சியிலும் வெறுங்கால்காரர்களில் நூற்றுக்கு மூன்று பேர் இருக்கிறார்களே, நான் அந்த மூன்றில் ஒருவன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ராணுவங்களே பிறகு தங்கள் பயத்தைச் சோதித்துப் பார்த்தன. அமெரிக்கத் தரைப்படையில் பயிற்சிக்கு வந்த 246 பேரைக் கவனித்து 1993-இல் கோவனும் கூட்டாளிகளும் எழுதினார்கள்: பயிற்சியில் அதிகம் அடிபட்டவர்கள் உயர்ந்த குழிக்காரர்கள். தட்டைக் கால்காரர்கள்தான் குறைவு. அதற்கு முன்னாலேயே, 1985-இல் இஸ்ரேல் ராணுவத்தில் எலும்புக் கீறலைப் பற்றி வந்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. ஈர அச்சில் இடுப்பு ஒடுங்கி அழகாக நின்றவனை நினைத்து, பாவம், அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு சின்ன சந்தோஷம் எனக்கு வராமல் இல்லை.

நம் ராணுவத்தின் மருத்துவத் தர விதிகளையும் ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். அதிகாரி நுழைவுக்கான விதியில் தெளிவாக இருக்கிறது: நுனிக்காலில் நின்றால் குழி திரும்ப வருகிறதா, நுனிக்காலில் குதித்து ஓட முடிகிறதா, பாதம் இளக்கமாக, வலியில்லாமல் இருக்கிறதா? இருந்தால் ஆளை எடுக்கலாம். விறைத்த பாதம், குதிகால் வெளியே சரிந்த பாதம், வலிக்கிற பாதம் கூடாது. ஹாரிஸும் பீத்தும் பிரித்த அதே பிரிவு. 1983-இல் யாராவது என்னை நுனிக்காலில் நிற்கச் சொல்லியிருந்தால்? சொல்லவில்லை, நானும் நிற்கத் தோன்றாமல் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

குடியாத்தம் பையனை நிற்கச் சொன்னேன். எட்டு மாசம் வந்தான், பஸ்ஸில், வாரம் இரண்டு நாள். கடைசியில் குதிகால் தரையில் ஊன்றி முழுசாகக் குந்தினான். ஒற்றைக் கால் நுனியில் இருபத்தைந்து முறை எழும்பினான். எழும்பும்போது குதிகால் உள்பக்கம் சாய்ந்து, உள்ளங்காலில் பள்ளம் விழுந்தது. சரிவைக் கார்டில் அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஈர அச்சு செங்கல்தான். "டாக்டர் பாத்தாருன்னா உடனே நுனிக்கால்ல ஏறிடு. கேக்கறதுக்கு முன்னால" என்று சொல்லி அனுப்பினேன்.

2019-இல் ஃபோன் வந்தது. "சார், மெடிக்கல்ல ஃபிட் போட்டுட்டாங்க." எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த மூன்று மாசம் சத்தமில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எழுத்துப் பரீட்சையில் போய்விட்டதாம். இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, லாஸ்டிங்தான். நாள் முழுக்க நின்றபடி.

"கால் வலிக்குதா?" என்றேன்.

"கால்ல ஒண்ணுமில்ல சார். இடுப்புதான். ஒருநாள் வர்றேன், கொஞ்சம் பாருங்க."